டொராண்டோ – சென்னை: 13,388 கி.மீ.

ஜனவரி 21, திங்கள்

யூனியன் கொடுத்த டைரியை இன்றுதான் பிரித்தேன். இருபது பக்கம் வீணாகப் போய்விட்டது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக உட்கார்ந்து, வண்டி வந்த நேரம், போன நேரம், தாமதம் என்றால் காரணம் என்று எழுதிய கை இது. இப்போது நீண்ட விடுப்பில் சென்னையில், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறேன். எழுத வண்டி இல்லை. சும்மா இருந்து பழக்கமில்லை.

என் மகள் நித்யகோமதிக்கு ரத்தப் புற்று இரண்டாம் முறையாக வந்திருக்கிறது. வயது பத்தொன்பது. இனி வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் பொருந்தவில்லை, அவள் அம்மா பிரமுவுக்கும் பொருந்தவில்லை. ஐந்து மாதம் தேடி இன்று ஆள் கிடைத்துவிட்டது. டொராண்டோவில் ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டார்களாம். யாராக இருந்தாலும் அவள் குலம் தழைக்கட்டும்.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற ஜெசிந்தா சிஸ்டர் உட்காரவைத்து விளக்கினார். முதலில் நித்திக்கு எட்டு நாள் கடுமையான மருந்து. அது அவள் மஜ்ஜையை அடியோடு அழித்துவிடும். அதன் பிறகு திரும்பிப் போக வழி கிடையாது, புது செல் வந்தே தீர வேண்டும். அங்கே எடுத்ததைப் பெட்டியில் வைத்து ஒரு ஆள் கையிலேயே கொண்டுவருவார். எடுத்த நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.

“ரெண்டு தேதி இருக்கு சார். பிப்ரவரி அஞ்சு செவ்வாய் எடுத்தா வியாழக்கிழமை இங்க ஏத்தலாம். எட்டு வெள்ளி எடுத்தா ஞாயித்துக்கிழமை. அந்தப் பொண்ணுக்கும் ஓகே, டாக்டருக்கும் ரெண்டும் ஓகே. உங்க வசதியப் பார்த்து நாளைக்குச் சொல்லிடுங்க.”

அறைக்கு வந்து போனில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரம் சொல்கிற பக்கம் ஒன்று இருக்கிறது. டொராண்டோவிலிருந்து சென்னை 13,388 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 15 மணி 10 நிமிடம். எழுபத்திரண்டில் பதினைந்து போனால் ஐம்பத்தேழு மணி நேரம் கையிருப்பு. மனசு லேசானது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

கந்தையா அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எங்கள் டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஜாதகம் பார்க்கிறார். ஊர் விஷயம் பேசினோம்.

வெள்ளிக்கிழமை என்று ஜெசிந்தா சிஸ்டரிடம் சொல்லியாயிற்று. டாக்டர்கள் வெள்ளி என்கிறார்கள் என்று பிரமுவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 2, சனி

இன்று மருந்து ஆரம்பம். நித்தியைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். கூட ஒருவர் மட்டும் இருக்கலாம், அது பிரமு. நான் வெளியே வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், சுவரில் மாட்டிய போனில் பேசலாம்.

என் வேலை சமையல். எதுவானாலும் பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வேக வேண்டும், டப்பாவையும் வேகவைக்க வேண்டும். பிரமுவின் உடைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மூடிய பையில் கொடுக்க வேண்டும். இட்லியை அவித்தபின் மறுபடி குக்கரில் வைத்தால் என்ன ஆகும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

“யப்பா, இத இட்லின்னு எழுதிக் குடுத்தீகளா, இல்ல நான் கண்டுபிடிக்கணுமா?” என்றாள் நித்தி போனில்.

“சாப்பிடுட்டி. வாய்க்கொழுப்பு.”

“வாய்ல அது மட்டுந்தான் இருக்கு.”

முடி கொட்டும் முன்பே மொட்டை போட்டுக்கொண்டுவிட்டாள். சிறு பிள்ளையில் எடுத்த முதல் மொட்டை ஞாபகம் வந்தது. அழவில்லை என்று எழுத ஆசை. அழுதேன்.

பிப்ரவரி 4, திங்கள்

வாந்தி ஏழு முறை. குடித்தது அரை டம்ளர் கஞ்சி. துண்டு ஆறு துவைத்தேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

டொராண்டோவில் வெயிலாம். குளிர்தான், ஆனால் வானம் சுத்தம். போனில் பார்த்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

நடுவில் ஜெர்மனியில் விமானம் மாற வேண்டும் என்று ஜெசிந்தா சிஸ்டர் இன்றுதான் சொன்னார். நேரடி விமானமே கிடையாதாம். “மாறி வர இருபது இருபத்தஞ்சு மணி நேரம் ஆகிடும் சார், கவலப்படாதீங்க, டைம் இருக்கு” என்றார்.

அந்தப் பதினைந்து மணி பத்து நிமிடம் எந்த விமானமும் பறக்காத நேரம். கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து எவனோ எழுதிவைத்திருக்கிறான். ரயில்வே கேட்டைச் சேர்க்காமல் ராஜபாளையத்துக்கு நேரம் போட்டு அனுப்பிய அதிகாரியை நான் சும்மா விட்டதில்லை. தூரம் வேறு, ஓடும் நேரம் வேறு என்று அவருக்கு வகுப்பெடுத்தவன் நான். போனில் வந்ததும் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

செவ்வாய் மாலை டொராண்டோவில் கிளம்பிய அதே விமானத்தையும், ஜெர்மனியிலிருந்து அதற்கு இணைப்பாக வரும் விமானத்தையும் சும்மா பார்த்தேன். சென்னையில் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. வேறொன்றுமில்லை, பார்த்தேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

நித்திக்கு வாயெல்லாம் புண். பேச முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்தபடி கையை மட்டும் தூக்கினாள்.

வெள்ளை அணு எண்ணிக்கை இன்று பூஜ்யம். பூஜ்யம் என்றால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். வெளியே வந்து பிரமுவின் பையை யாரிடம் கொடுத்தேன் என்று மறந்து அரை மணி தேடினேன். கையிலேயே இருந்தது.

அங்கே அந்தப் பெண் இந்நேரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பாள். தாயே, நல்லபடியாகப் போய் வா.

பிப்ரவரி 9, சனி

எடுத்து முடித்தது: நம் நேரப்படி 12.30, சனி பிறந்து அரை மணி. கெடு: செவ்வாய் பிறந்து அரை மணி.

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா சிஸ்டர் கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்துவிட்டது. “சார், அங்க பனிப்புயல். ஏர்போர்ட் க்ளோஸ். ஃப்ளைட் கிளம்பல.”

“எப்பத் திறப்பாக?”

“தெரியல சார்.”

“பெட்டி?”

“பெட்டி அவரு கையிலதான் இருக்கு. ஏர்போர்ட்லயே உக்காந்திருக்காரு. குளிர்ச்சி ஒழுங்கா இருக்கு.”

பஸ்ஸாக இருந்தால் ஸ்பேர் வண்டி விடச் சொல்லியிருப்பேன். யாரிடம் சொல்ல? பகல் முழுக்க வராந்தாவில் நின்றேன். மூன்று மணிக்குத்தான் சாப்பாடு கொண்டுவரவில்லை என்பது நினைவு வந்தது. பிரமு பசியோடு இருந்திருக்கிறாள், கேட்கவில்லை.

விமானம் தாமதம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். எவ்வளவு என்றாள். கொஞ்சம் என்றேன். தாமதத்துக்குக் காரணம் எழுதாமல் நான் ஒரு வண்டியையும் விட்டதில்லை. வீட்டுக்காரியிடம் அது முடியவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

காலை 9.30: டொராண்டோவில் விமானம் கிளம்பிவிட்டது. முப்பத்து மூன்று மணி நேரம் போயிற்று.

ஜெர்மனிக்கு நம் நேரப்படி சாயங்காலம் ஐந்துக்கு வந்து சேரும். சென்னைக்கான இன்றைய விமானம் அதற்குள் அங்கிருந்து போய்விட்டிருக்கும். துபாய் வழியாக வேறு டிக்கெட் போடுகிறார்கள்.

பதினொரு மணிக்குக் கண்ணாடி அருகே போனேன். நித்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூட்டெல்லாம் தோல் கறுத்து, என் அம்மாவைவிட வயதானவள் போல இருந்தாள். பென்சிலால் எதையோ எழுதி, தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

‘பஸ் லேட்டா?’

சாப்பாட்டுப் பையில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் காட்டினேன். ‘வந்துட்டு இருக்கு.’

கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பிரமு சுவரில் இருந்த போனை எடுத்தாள். நானும் எடுத்தேன்.

“சிஸ்டர் காலைல வந்து ஆறுதலாச் சொன்னாக. ‘செவ்வாக்கிழமைய எடுத்திருந்தா இந்தப் புயல்ல மாட்டியிருக்காது, யாருக்கு என்ன தெரியும்மா’ன்னு.” நித்தி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “நம்மகிட்ட ரெண்டு தேதி கேட்டாங்களாமே.”

“ஆமா.”

“டாக்டர் சொன்னாகன்னீங்க.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“வியாழக்கிழம ஏத்துனா சந்திராஷ்டமமா அவளுக்கு?”

நான் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருப்பவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது. “ஆமா” என்றேன்.

“கந்தையா அண்ணாச்சியா?”

“அவரு நாள்தான் சொன்னாரு. முடிவு பண்ணது நான்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். “சாப்பாட்ட வச்சிட்டுப் போங்க” என்று சொல்லிப் போனை மாட்டினாள். பிறகு கண்ணாடியை மறைக்கும் திரையை இழுத்துவிட்டாள்.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் முறை நோய் வந்தபோது நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்க்காமல் அவசரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். அது அவளுக்குச் சந்திராஷ்டம நாள் என்று கந்தையா அண்ணாச்சி அப்புறம் சொன்னார். நோய் திரும்ப வந்ததும் அதுவே என் மண்டைக்குள் ஓடியது. இந்த முறை அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்று நினைத்தேன். கையில் ஐம்பத்தேழு மணி நேரம் உபரி இருக்கிறதே, எந்த நாளில் கிளம்பினாலும் நேரத்துக்கு வந்துவிடும், மூன்று நாள் தள்ளினால் என்ன கெட்டுவிடும் என்று அந்தப் பதினைந்து மணி பத்து நிமிடத்தை நம்பினேன். சந்திரன் எட்டாம் வீட்டில் இருப்பதைப் பார்த்தேன். டொராண்டோவின் வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை விமானத்தில் பெட்டி வந்திருந்தால் என் மகளுக்கு வியாழக்கிழமையே ஏற்றியிருப்பார்கள்.

அவள் பிழைக்காவிட்டால் கொன்றது நான்தான். இதற்குமேல் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 11, திங்கள்

துபாய் கிளம்பியது: அங்கத்து நேரப்படி காலை 8.35.
சென்னை இறங்கியது: நம் நேரப்படி மதியம் 2.10.
ஆஸ்பத்திரி வாசல்: 3.25. அறுபத்து மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு.

பன்னிரண்டு மணியிலிருந்தே வாசலில் நின்றேன். காரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இறங்கினார். அறுபத்தைந்து வயது இருக்கும். முகம் வீங்கி, சட்டை கசங்கி, தோளில் நீலப் பெட்டி. பெட்டியின் வார் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை என்று ஜெசிந்தா சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. விழவும் குனிந்தேன். அவர் பயந்து பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

லேப் வாசலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஒரு தாளை நீட்டி ஜெசிந்தா சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கினார். எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக நேரம். ஒவ்வொரு மணிக்கும் பெட்டியின் குளிர்ச்சி. வந்த நேரம், போன நேரம், தாமதம், காரணம். அசல் டிரிப் ஷீட். மூன்று நாளாக ஒரு கட்டம்கூட விடவில்லை. கடைசியில் எழுத்து கோணிப்போயிருந்தது. அந்த மனிதர் தூங்கவே இல்லை.

காரணம் என்ற கட்டத்தில் ‘பனி’ என்று ஆங்கிலத்தில் எட்டு முறை இருந்தது. உண்மையான காரணம் அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “ஐ ஆம் டைம் கீப்பர், பஸ்” என்றேன். என் கையைக் குலுக்கினார். அவர் கை ஐஸாக இருந்தது.

ஐந்தரைக்கு டாக்டர் கூப்பிட்டார். செல்லில் ஒரு பங்கு வழியிலேயே செத்துவிட்டது. “எதிர்பார்த்ததவிடக் குறைவு. ஆனா ஏத்தலாம். பிடிக்க லேட் ஆகும். அதுவரைக்கும் இன்ஃபெக்‌ஷன் வராமப் பாத்துக்கணும். அதுதான் இப்ப பயம்.”

ஒரு சின்னப் பை. தக்காளிச் சாறு மாதிரி நிறம். அவ்வளவுதான் வந்தது அத்தனை தூரம். ஏற்றும்போது பிரமு திரையைத் திறந்துவிட்டாள். எனக்காக இல்லை, நித்தி கேட்டிருப்பாள்.

ஏற்றத் தொடங்கிய நேரம்:

பிப்ரவரி 15, வெள்ளி

காய்ச்சல் 102. எண்ணிக்கை பூஜ்யம். ரசம் சாதம் அனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது.

பிப்ரவரி 19, செவ்வாய்

காய்ச்சல் 103.4. மூச்சு வாங்குகிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரமுவையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினேழு நாளுக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் அவளைப் பார்க்கிறேன். பாதியாகிவிட்டாள். வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு.

பிப்ரவரி 22, வெள்ளி

பூஜ்யம்.

“எத்தனாவது நாளு?” என்று பிரமு கேட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“பதினொண்ணு.”

“பதினாறுல வந்துரும்னாக.”

“கொறவா இருக்கதுனால கொஞ்சம் லேட்டாகும்னாக.”

“ஏன் கொறஞ்சுதுன்னும் சொல்லுங்க.”

சொன்னேன். வாய்விட்டு, முதலிலிருந்து கடைசிவரை, இந்த டைரியில் எழுதியபடியே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முடித்ததும் பிரமு எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 25, திங்கள்

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நித்தியைக் கண்ணாடி அறைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிரமு உள்ளே போய்விட்டாள். எண்ணிக்கை பூஜ்யம்.

சாமியிடம் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் பெயரைத்தான் நித்திக்கு வைத்தோம். என்ன முகத்தோடு கேட்பேன்? நான் கேட்டு அம்மன் கொடுத்த செவ்வாய்க்கிழமையை வேண்டாம் என்று சொன்னவன்.

பிப்ரவரி 27, புதன்

பதினாறாம் நாள். பூஜ்யம். குக்கர் வாஷர் போய்விட்டது, புதுசு வாங்கினேன்.

மார்ச் 1, வெள்ளி

எண்ணிக்கை 90.

ஜெசிந்தா சிஸ்டர் வராந்தாவில் ஓடி வந்து சொன்னார். தொண்ணூறா, தொண்ணூறா என்று நான்கு தடவை கேட்டேன். ஐநூறைத் தாண்டி மூன்று நாள் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் சந்தோஷப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சொன்னபடி சந்தோஷப்படாமல் இருக்கப் பார்த்தேன்.

மார்ச் 6, புதன்

மூன்றாவது நாளாக ஐநூறுக்கு மேல். இன்று 740. பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு மாதம் பயம் உண்டு, ஒரு வருடம் மருந்து உண்டு, நுரையீரல் கொஞ்சம் கெட்டிருக்கிறது, மாடி ஏறினால் இளைக்கும். அந்த இளைப்பு என் கணக்கில். ஆனால் என் மகள் இருக்கிறாள்.

நித்திக்குக் குரல் வந்துவிட்டது, கரகரவென்று. “யப்பா, என் ரத்த குரூப்பே மாறிருமாம். இனி நான் கனடாக்காரி. இந்த இட்லியெல்லாம் இறங்காது.”

“பின்ன என்னத்த வேணும்?”

“அதே இட்லிதான். கல்லு மாதிரி.”

பிரமு போனை வாங்கினாள். “சாப்டீங்களா?” என்றாள். இருபத்து நான்கு நாளுக்குப் பிறகு என்னை ஒரு கேள்வி, எனக்காகக் கேட்கிறாள். இல்லை என்றேன். “போயிச் சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதவில்லை. சாப்பிடச் சொன்னாள்.

படியில் இறங்கும்போது கந்தையா அண்ணாச்சி போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

“டைம்கீப்பரே, இது மறுபிறவில்லா புள்ளைக்கு. புது ரத்தம், புது உசுரு. அந்த செல்ல ஏத்த ஆரம்பிச்ச நேரத்தச் சொல்லும். அத வச்சிப் புது ஜாதகமே எழுதிருதேன். இனிமே எல்லாம் அதுப்படி பாத்துக்கிடலாம்.”

“மணி பாக்கல அண்ணாச்சி.”

“நீரா மணி பாக்கல?”

“பாக்கல.”

அறைக்கு வந்து சாப்பிட்டேன். பிறகு பிப்ரவரி 11-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். ஏற்றத் தொடங்கிய நேரம் காலியாகவே இருந்தது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நேரம் எழுதாத கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, பின்னால் யாராவது நிரப்பிவிடுவார்கள். குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைத்துவிட வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்றபோது என் வாட்ச்சில் மணி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிமிடம்கூடத் தெரியும்.

கோடு போட்டேன். கையெழுத்தும் வைத்தேன்.